நான் நங்கூரம் போட்ட ஐந்து ஊர்கள்

பொங்கலுக்கு மறுநாள் காலை ஒன்பதேகால் மணிக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். என் மனைவி பார்வதத்தைக் கேட்காமல் எடுத்தேன். முப்பது வருடத் திருமண வாழ்க்கையில் இப்படிச் செய்வது இரண்டாவது முறை. முதல் முறை ஒரு மிக்ஸி வாங்கினேன். அதை அன்று மாலையே கடையில் திருப்பிக் கொடுத்தோம்.

இந்த முடிவு மிக்ஸி மாதிரி இல்லை. பெரிய முடிவு. பணி ஓய்வுக்குப் பிறகு கடற்கரையோரம் குடியேறுவது.

ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மார்ச் மாதம் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அடுத்து எங்கே என்று நான் யோசிக்க ஆரம்பிப்பதற்கு எட்டு வருடம் முன்பே பார்வதம் இடம் பார்த்து வைத்துவிட்டாள். அவள் பிறந்த ஊர், வெள்ளானூர். அங்கே அவள் தம்பி பூபாலன் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை.

பூபாலன் தங்கமான மனிதன். அவனிடம் ஒரே ஒரு குறை. என்னைக் கண்டால், "மாமா, சும்மா ஒரு கை புடிங்கோ" என்பான். சும்மா ஒரு கை பிடிக்கப் போய் நான் இதுவரை தூக்கியவை: ஒரு பீரோ, ஒரு போர்வெல் மோட்டார், ஒரு கன்றுக்குட்டி, ஒரு முழுத் தண்ணீர்த் தொட்டி. நாங்கள் ஆவடியில் இருக்கும்போதே வாரத்துக்கு இரண்டு கை கேட்கிறான். பக்கத்து வீட்டுக்கே போய்விட்டால் என் இரண்டு கையும் எனக்கில்லை.

எனவே கடற்கரை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் லட்சுமணன் முன்னாள் கடற்படைக்காரர். சொந்தமாகச் சின்னப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறார். இருபத்து நான்கு அடி நீளம். உள்ளே ஒரு குட்டி அறை. புரண்டு படுப்பதில்லை என்று சத்தியம் செய்தால் இரண்டு பேர் தூங்கலாம். படகுக்குத் தன் மனைவி சித்ராவின் பெயரையே வைத்திருக்கிறார். "இரண்டு சித்ராவில், திருப்பினால் திரும்புவது இதுதான் சார்" என்பார். நாமக்கல்லில் பிறந்து, லாரிகளை மட்டுமே பார்த்து வளர்ந்த நான், இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கடலுக்குப் போய், பாய் விரிக்கவும் முடிச்சுப் போடவும் கற்றுக்கொண்டு, அரை மாலுமியாகிவிட்டேன்.

முடிவைப் பார்வதத்திடம் அறிவித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கடலோரமா? அங்க போயி இன்னா பண்ணப் போறீங்க?"

"படகு ஓட்டப் போறேன்."

"ஓட்டறது கெடக்கட்டும். அத்த எங்க நிறுத்துவீங்க?"

இது அடிக்கக்கூடாத இடத்தில் அடித்த அடி. எனக்கு வண்டி ஓட்ட வரும். நிறுத்த இடம் கண்டுபிடிக்க வராது. போன மாதம் முகப்பேரில் ஒரு கல்யாணம். பார்வதத்தை வாசலில் இறக்கிவிட்டு ஸ்கூட்டருக்கு இடம் தேடி நாற்பது நிமிடம் சுற்றினேன். மூன்று தடவை மண்டப வாசலைக் கடந்தேன். மூன்றாவது தடவை, நான் மாப்பிள்ளை அழைப்பின் முன்வரிசை என்று நினைத்துப் பன்னீர் தெளித்துவிட்டார்கள். கடைசியில் பார்வதம் வெளியே வந்து ஒரு விரலை நீட்டினாள். அந்த விரலுக்கு நேரே, இரண்டு கார்களுக்கு நடுவில், என் ஸ்கூட்டருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஓர் இடம் காலியாக இருந்தது. நான் அதைத் தாண்டித்தான் மூன்று தடவையும் போயிருக்கிறேன்.

"ஸ்கூட்டர் வேற, படகு வேற" என்றேன்.

"அம்பத்தூர் மார்க்கெட்டாண்ட நிறுத்த எடம் தெர்ல. இதுல அம்மாம் பெரிய சமுத்திரத்துல எடம் தேடப் போறாராம்."

"சமுத்திரம்னா எங்க பாத்தாலும் இடம்தானே?"

"அப்போ நடுக்கடல்ல நிறுத்திட்டு நடந்து வருவீங்களா?"

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. கரையை ஒட்டி ஊர் ஊராகப் போகும்போது, பகலில் ஓட்டுவது காற்றின் பொறுப்பு. மாலையில் நிறுத்துவது நம் பொறுப்பு. காற்றுக்கும் அலைக்கும் மறைவு வேண்டும். ஆழம் அதிகமாகவும் கூடாது, குறைவாகவும் கூடாது. அடித்தரை நங்கூரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாறையாக இருந்தால் வழுக்கும். ரொம்பச் சேறாக இருந்தால் வெண்ணெயில் கத்தி மாதிரி இழுத்துக்கொண்டு வரும்.

ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. "சென்னையிலேருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் போறேன். அஞ்சு நாள், அஞ்சு ஊர். அஞ்சு இடத்துலயும் நானே இடம் பாத்து நங்கூரம் போடறேன். போட்டுட்டா கடற்கரையில வீடு. பந்தயமா?"

பார்வதம் கீரையைக் கீழே வைத்தாள். நாட்காட்டியில் பொங்கல் தாளைக் கிழித்தாள். அதன் பின்பக்கத்தில் எழுதினாள். "என்கைல ஒரு வார்த்தை கேக்காம, என் ஒத்தாசை ஒரு துளிகூட இல்லாம, அஞ்சு எடத்துலயும் இவரே படகை நிறுத்தணும். நிறுத்தினா கடலோரம். ஒரு எடத்துல தவறினாலும் வெள்ளானூரு."

நான் கையெழுத்துப் போட்டேன். கீழே சாட்சிக் கையெழுத்துப் போட பூபாலன் வந்தான். போகிற போக்கில் ஒரு மூட்டை சிமெண்ட் இறக்க ஒரு கை கேட்டான்.

மறுநாளிலிருந்து இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன. கூடத்தில் நான் கடல் வரைபடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். சமையலறையில் அவள் காலி செய்வதற்காகப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழு பாத்திரம் கொறையுது" என்றாள்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பழக்கம். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே இருந்தோம். யாராவது ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குக் கிளம்பினால், வழியில் சாப்பிட அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுப்பது பார்வதம்தான். எவர்சில்வர் தூக்கில் புளியோதரை, அடுக்கில் தயிர்சாதம். சோறு வயிற்றுக்குள் போகும். தூக்கு அவர்களோடு ஊருக்குப் போகும். திரும்பி வராது.

"போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

"வேற வாங்கறதா? ஒவ்வொண்ணும் எந்த ஊர்ல கீதுன்னு எனக்குத் தெரியும். வர வேண்டிய நேரத்துக்கு வரும்."

எனக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. வரைபடம் ஆழத்தைச் சொன்னது. ஆனால் எந்த முகத்துவாரம் போன மழையில் மணல் மூடியது, எங்கே மீன்வலை கட்டியிருக்கும், எந்தக் கரையில் இறங்கலாம் என்றெல்லாம் சொல்லவில்லை. பாய்மரக்காரர்கள் கூடும் ஒரு முகநூல் குழுவில், ஐந்து ஊர் பெயரையும் போட்டு, விவரம் தெரிந்த பெரியவர்கள் உதவுமாறு கேட்டேன்.

இரண்டே நாளில் பதில் வந்தது. அனுப்பியவர் பெயர் 'கலங்கரை'. படத்திலும் ஒரு கலங்கரை விளக்கம்தான்.

"கோவளத்துல கரைக்கு ரொம்பக் கிட்ட போவாதீங்க. மாதா கோயிலு தெரியும். அதுக்கு நேரா வந்து, பாறை தாண்டித் தெக்கால போடுங்க. அடியில மணலு, நங்கூரம் புடிக்கும். குல்லா மறக்காதீங்க, பனி கீது."

எழுந்து நின்று படித்தேன். இது புத்தகத்தில் வராத அறிவு. பாஷையைப் பார்த்தால் ராயபுரம் பக்கத்துப் பழைய கப்பல்காரர் என்று தெரிந்தது. வீட்டில் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய பாஷை என்பதால் எனக்கு அவரைச் சட்டென்று பிடித்துவிட்டது. "ஐயா, தங்களுக்குக் கப்பலில் எத்தனை வருட அனுபவம்?" என்று மரியாதையாகக் கேட்டேன்.

"முப்பது வருசமா ஒரே கப்பல ஓட்டிகினு கீறேன். பழைய கப்பலு. சொன்ன பேச்சு கேக்காது."

அன்றிலிருந்து அவர் எனக்குக் கேப்டன் ஆனார்.

தை மாத வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சீராக வீச, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. லட்சுமணன் சுக்கானில். நான் முன்னால், நங்கூரத்துக்குப் பக்கத்தில், ஒரு காலைத் தூக்கி வைத்தபடி. ஒரு அலை வந்ததும் காலை இறக்கிக்கொண்டேன்.

கோவளம். மாதா கோயில் தெரிந்தது. பாறை தெரிந்தது. தெற்கே போட்டேன். நங்கூரம் ஒரே கவ்வாகக் கவ்வியது. லட்சுமணன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார். "ஒரு உள்ளுணர்வுதான்" என்றேன்.

சற்று நேரத்தில் ஒரு மீன்பிடிப் படகு எங்களை ஒட்டி வந்து நின்றது. அதிலிருந்தவர், "ஆவடி சாரா?" என்று கேட்டு ஒரு எவர்சில்வர் தூக்கை நீட்டினார். உள்ளே ஆவி பறக்க இடியாப்பமும் குருமாவும்.

"யாருங்க குடுத்தது?"

"அத்த சொல்லக் கூடாதுன்னாங்க சார். தூக்கத் திருப்பித் தர வேணாமாம். நீங்களே வெச்சிக்கணுமாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. கேப்டனின் கை எவ்வளவு நீளம்! கடலோரம் முழுக்க ஆள் வைத்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுப் பார்வதத்துக்குப் போன் செய்தேன். இடம் கேட்கத்தான் தடை, பெருமை அடிக்கத் தடையில்லை.

"எடம் கெடச்சுதா?"

"கிடைச்சுதாவா? நான் பாத்த பார்வைக்குத் தானா வந்து நின்னுது."

"நாஷ்டா ஆச்சா?"

"கடல்ல இருக்கறவனுக்குச் சாப்பாடு ஒரு பிரச்சினையா? வலைய வீசினா மீனு" என்றேன், குருமாவைத் துடைத்துக்கொண்டே.

இரண்டாம் நாள் மரக்காணம். காலை முதல் மாலை வரை ஒரே ஓட்டம். கேப்டன் எழுதியிருந்தார்: "முகத்துவாரத்துல நொழையாதீங்க, மண்ணு ஏறிக்கெடக்குது. வெளியவே, உயரமான மூணு பனைமரத்துக்கு நேரா நில்லுங்க. கரையில ஒரு குடை தெரியும்."

மூன்று பனைமரம் இருந்தது. கரையில் நிஜமாகவே ஒரு குடை. குடைக்குக் கீழே பருமனான ஒரு பெண்மணி நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். மாலுமிகளைக் கண்டால் கரையோரப் பெண்கள் கையசைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானும் கம்பீரமாகக் கையசைத்தேன். அன்றைக்கு ஒரு அடுக்கு நிறைய எலுமிச்சை சாதமும் வடகமும் வந்தது. அடுக்கைத் திருப்பித் தர வேண்டாம் என்றார்கள்.

லட்சுமணன் சாப்பிட்டு முடித்து அடுக்கைக் கடல் நீரில் கழுவினார். கழுவியதைக் கவிழ்த்து வைக்கும்போது ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன லட்சுமணன்?"

"ஒண்ணுமில்ல சார். நல்ல கனமான பாத்திரம்."

மூன்றாம் நாள் புதுச்சேரி. கேப்டன் சொன்னபடி துறைமுகத்துக்கு உள்ளே, விசைப்படகுகளுக்குப் பின்னால், ஒரு கட்டையில் கயிற்றைக் கட்டினோம். வெளியூர்ப் படகு அங்கே கட்ட இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று லட்சுமணன் பயமுறுத்தியிருந்தார். நாங்கள் போனபோது ஒருவர் அந்தக் கட்டையின் மேல் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆவடி சாரா? உங்களுக்குத்தான் புடிச்சு வெச்சிருக்கேன்" என்று எழுந்துகொண்டார். பேருந்தில் சீட்டுக்குத் துண்டு போடுவதைப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்தில் அன்றுதான் பார்த்தேன்.

அன்று ஒரு சம்படத்தில் வந்தது வத்தக்குழம்பு. ஒரு வாய் வைத்தேன். சுண்டைக்காய் கருகும் தறுவாயில் இறக்கி, கடைசியில் ஒரு துளி வெல்லம் போட்டு, அப்படியே பார்வதம் வைக்கிற குழம்பு. எனக்கு அவள் ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருடத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் நான் அவளைப் பிரிந்திருந்ததே இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவள் பக்கத்தில் இருந்து ஒரு விரலை நீட்டினால் தேவலை என்று இருந்தது.

அந்தப் பலவீனம் விடிந்ததும் போய்விட்டது. மூன்று இடம் முடிந்தது, பாக்கி இரண்டு. வெற்றி கிட்டே வர வர எனக்குள் ஒரு குரல் கேட்டது. எல்லாம் கேப்டன் சொன்னபடியே நடந்தால் உன் திறமை எங்கே? நாளைக்குக் கடலோர வீட்டு வாசலில் நாலு பேருக்குக் கதை சொல்லும்போது, நானே பார்த்துப் போட்ட ஓர் இடமாவது இருக்க வேண்டாமா?

கடலூருக்குக் கேப்டன் எழுதியிருந்தது இது: "பழைய துறைமுகத்துல ஆத்துக்குள்ள வாங்க. பாலத்துக்கு இந்தாண்ட கட்டுங்க. அதுக்கு முன்னாடி வலது கைப்பக்கம் அகலமா, அழகா ஒரு எடம் தெரியும். அங்க போடாதீங்க."

அகலமாக, அழகாக ஓர் இடம் தெரிந்தது. அங்கே போட்டேன்.

"சார், கேப்டன் வேணாம்னு சொன்னாரே?" என்றார் லட்சுமணன். கேப்டன் விஷயத்தை அவரிடம் புதுச்சேரியில் ஒப்புக்கொண்டிருந்தேன்.

"கேப்டன் பழைய ஆள். ஆறு மாறியிருக்கும். வரைபடத்துல ஆழம் இருக்கு. நான் பொறுப்பு."

நங்கூரம் சேற்றில் இறங்கியது. எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது. பிடித்துக்கொண்டது என்று நினைத்து அவல் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு பிடி அவல் தின்பதற்குள் படகு தானாக நடந்துபோய் ஒரு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. கடல் உள்வாங்கும் வற்றம் ஆரம்பித்திருந்தது. தண்ணீர் இறங்க இறங்கப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுப்பு, தலையணை, மண்ணெண்ணெய் விளக்கு, என் பிபி மாத்திரை எல்லாம் ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தன. லட்சுமணனும் நானும் கூரைமேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தோம். கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

அரை மணி நேரத்தில் என் போனில் கேப்டனின் செய்தி வந்து விழுந்தது.

"எத்தினி நேரம் சாஞ்சிகினு கெடப்பீங்க? தண்ணி ஏறினதும் பாலத்தாண்ட வாங்க. ஆளு நிக்குது. ரசம் ஆறுது."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "லட்சுமணன், கேப்டன் நம்மைச் செயற்கைக்கோள் வழியா கண்காணிக்கிறார்!"

"ஆமா சார். பெரிய இடம் சார்" என்றார் லட்சுமணன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பயந்துவிட்டார் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

தண்ணீர் ஏறியது. பாலத்தாண்ட போனோம். கயிற்றை வாங்க ஆள் நின்றது. ரசம் ஆறவில்லை. இரவைக் கழித்தது பாலத்தருகே என்பதால், கடலூர்க் கணக்கும் வெற்றிக் கணக்கில்தான் சேரும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பரங்கிப்பேட்டை. வெள்ளாற்றின் வாயில் மணல்மேட்டை இடப்பக்கம் விட்டு, கேப்டன் சொன்ன இடத்தில், ஒரு எழுத்துக்கூட மாறாமல், நங்கூரம் போட்டேன். பிடித்தது. பாயைச் சுருட்டினேன். சின்ன வள்ளம் ஒன்று எங்களைக் கரைக்கு ஏற்றிப்போக வந்தது.

கரையில் பூபாலனின் வேன் நின்றது. பக்கத்தில் பூபாலன். அவனுக்கு முன்னால், கையில் ஒரு மாலையோடு, பார்வதம்.

அவளைப் பார்த்ததும் எனக்குப் பந்தயம் மறந்துவிட்டது. முழங்கால் தண்ணீரிலேயே குதித்து ஓடினேன். அவள் என் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள். எங்கும் அடிபடவில்லை என்று தெரிந்ததும் மாலையைப் போட்டாள். அப்புறம்தான் எனக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது.

"அஞ்சு ஊர்! அஞ்சு நங்கூரம்! உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? வெள்ளானூர் மனைய வித்துடலாம். பூபாலா, இனிமே கைக்கு வேற ஆள் பாத்துக்கோ."

"ஜெயிச்சிட்டீங்களா? சந்தோசம்" என்றாள் பார்வதம். "எல்லாத்தையும் எடுத்து வெக்கலாம். பாத்திரம்லாம் கொண்டாங்க."

வள்ளத்திலிருந்து லட்சுமணன் பாத்திரங்களைக் கொண்டுவந்தார். தூக்கு, அடுக்கு, சம்படம், ரசத்துக்கு வந்த மூடிபோட்ட குண்டான். நான்குதான். "பரங்கிப்பேட்டைக்கு இன்னும் வரலியே, எப்பவும் நங்கூரம் போட்டதும் வருமே" என்றேன்.

"வந்திடுச்சு" என்று பார்வதம் வேனிலிருந்து ஒரு டிபன் கேரியரை இறக்கினாள். ஐந்தையும் மணலில் வரிசையாக வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

ஒவ்வொன்றின் அடியிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ச. பார்வதம். ச. பார்வதம். ச. பார்வதம். வருடம் மட்டும் வேறு வேறு.

"இது கோவளம், நம்ம கீழ் ஊட்ல இருந்த முத்தம்மா. இது மரக்காணம், பஞ்சவர்ணம். நாலு மணியிலேர்ந்து குடை புடிச்சிகினு நின்னுதாம் பாவம். நீங்க யாரோன்னு கையாட்டினீங்களாமே? பாண்டிச்சேரி, ரேவதி. எங்கிட்ட வத்தக்கொழம்பு கத்துகினு போனது அதுதான். கடலூரு, சுதா. கருவாட்டுக்காரம்மாவ போட்டோ எடுக்கச் சொன்னது. இது இந்த ஊரு, நம்ம எதிர் ஊட்ல இருந்த திவ்யாவோட அம்மா. பதினாறு வருசத்துல போனதுல அஞ்சு வந்து சேந்துச்சு. அவங்க ஊட்டு ஆளுங்க எல்லாம் கடல்லயே பொறந்தவங்க. எங்க கட்டணும், எங்க கட்டக் கூடாதுன்னு கேட்டு, உங்களுக்குச் சொல்றது மட்டும்தான் என் வேலை."

"உங்களுக்குச் சொல்றது" என்ற இடத்தில் என் மண்டைக்குள் ஏதோ இடறியது. மெதுவாக, மிக மெதுவாக, என் போனை எடுத்துக் கலங்கரையின் முதல் செய்தியிலிருந்து படித்தேன். குல்லா. பழைய கப்பல். சொன்ன பேச்சு கேக்காது. ரசம் ஆறுது.

"லட்சுமணன், உங்களுக்குத் தெரியுமா?"

"மரக்காணத்துல பாத்திரம் கழுவும்போதே தெரியும் சார்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாப்பாடு நின்னு போயிடுமே சார்."

நான் சட்டம் பேச முயன்றேன். "பார்வதம், நான் உன்கிட்ட கேக்கல. குழுவுல பொதுவாத்தான் கேட்டேன். நீயா வந்து உதவி செஞ்சா அது என் தப்பா?"

அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். பொங்கல் தாளை விரித்தாள். "'ஒத்தாசை ஒரு துளிகூட இல்லாம.' நான் ஒத்தாசை பண்ணக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. ஒத்தாசை இல்லாம நீங்க நிறுத்தணும்னுதான் எழுதிக்கீது. அஞ்சு எடத்துலயும் பண்ணிக்கீறேன். அஞ்சு துளி."

"இன்னா அக்கா, லாயருக்குப் பட்ச்சிருக்கலாம் நீ" என்றான் பூபாலன்.

"ஒண்ணே ஒண்ணு நீங்களா போட்டீங்க. அதுல சாஞ்சீங்க" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு இன்னா, உங்கள ஜெயிக்கணும்னா ஆசை? அஞ்சு நாளா தூக்கமே இல்ல. ஸ்கூட்டரு நிறுத்த எடம் தெரியாத மனுசன் கடலுக்குப் போறேன்னுட்டாரு. போவாதீங்கன்னா ரோஷம் வரும். போவட்டும், போற எடத்துலல்லாம் யாராவது ஒருத்தர் நிக்கட்டும்னு பாத்தேன். நீங்க இல்லாம வெள்ளானூரு மனைய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் ஒரு ஆண்மகனின் மானம் ஒரே நாளில் போய்விடாது. கொஞ்சம் தனியாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கரையில் கவிழ்ந்து கிடந்த ஒரு படகின்மேல் போய், ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். தொலைவில் 'சித்ரா' என் நங்கூரத்தில் அசையாமல் நின்றது. திருத்தம். அவள் நங்கூரத்தில் நின்றது.

லட்சுமணன் தெற்குக் காற்று வரும்வரை படகை இங்கேயே வைத்திருப்பதாகச் சொன்னார். பூபாலன் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தான். "இன்னும் ரெண்டு பாக்கி கீது" என்று பார்வதம் கணக்குச் சொல்வது காதில் விழுந்தது. "ஒண்ணு நாகப்பட்டணம், ஒண்ணு வேதாரண்யம். அடுத்த தையில அனுப்பிக்கலாம்."

அடுத்த தையில் அனுப்பிக்கலாம்! என் முதுகு நிமிர்ந்தது. அப்படியானால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. வேறு பந்தயம் கட்டலாம். இந்தத் தடவை சட்டம் தெரிந்த ஒருவரிடம் தாளை எழுதி வாங்கலாம். கலங்கரை என்ற பெயரில் யார் வந்தாலும் பதில் போடக்கூடாது. நானே இடம் பார்ப்பேன், நானே போடுவேன்.

அப்போது என் போனில் செய்தி வந்த மணி அடித்தது. கலங்கரை. திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி வேன் படியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி, பார்வதம் தன் போனில் குனிந்திருந்தாள்.

"அடுத்த எடம் வெள்ளானூரு. வடக்கால பூபாலன் ஊடு, வாடைக்கு நல்ல மறைவு. அடியில கெட்டிக் களிமண்ணு, நங்கூரம் போட்டா ஆயுசுக்கும் நகராது. மனையில செங்கல்லு வந்து எறங்கிக்கீது, தம்பிக்கு ஒரு கை புடிக்கணும், சீக்கிரம் வந்து வேன்ல ஏறுங்க."